அக்காவின் பெயரில் என் ரத்தம்

ஊசி பிடித்த பெண் யாராக இருந்தாலும் எங்கள் பக்கம் சிஸ்டர்தான். நான் நர்ஸ் இல்லை, லேப் டெக்னீஷியன், அதுவும் சில மாத ஒப்பந்தத்தில் வந்தவள் என்று எத்தனை பேரிடம் விளக்குவது? பெரம்பலூர் டவுனில் எலிக்காய்ச்சல் எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்க்க, தெருத்தெருவாக ரத்தம் எடுக்கும் வேலை. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் கால் வைத்தால் போதும், காலில் ஒரு கீறல் இருந்தால் கிருமி உள்ளே போய்விடும். பலருக்குச் சாதாரணக் காய்ச்சலாக வந்து போய்விடும், தடம் மட்டும் ரத்தத்தில் தங்கும். அந்தத் தடத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

சாக்கடை அள்ளுகிறவர்கள் குடியிருக்கும் தெருவும் என் பட்டியலில் இருந்தது. அங்கே ஓர் அக்கா. நான் வாடகைக்கு இருந்த தெருவில் தினமும் சாக்கடை அள்ள வருகிறவர். நாற்பது வயது இருக்கும். விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவதால் காலையில் ஆள் கிடைக்க மாட்டார். எனக்காக மேஸ்திரியிடம் கெஞ்சி அரை நாள் லீவு போட்டு வீட்டில் இருந்தார். ஊசி என்றால் பயம் போலிருக்கிறது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை நீட்டினார். நரம்பு சிக்காமல் மூன்று தடவை குத்தினேன். முகம்கூடச் சுளிக்கவில்லை.

ரத்தம் எடுத்து முடித்தால் எந்த வீட்டிலும் டீ கொடுப்பார்கள். மற்ற தெருக்களில் ஒரு நாளைக்கு ஆறு டீ குடித்திருக்கிறேன். அங்கே மட்டும், "இப்பத்தான் குடிச்சேன்க்கா" என்றேன். நான் உடையார்பாளையம் பக்கத்து விவசாயக் குடும்பம். வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவேன், அந்த வீட்டு டம்ளருக்கு மட்டும் கை நீளாது. படித்தவள், சட்டை மேல் வெள்ளைக் கோட்டு போட்டவள், வெட்கமாக இல்லையா என்று இன்றைக்குக் கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்குக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் டம்ளரை உள்ளே எடுத்துப் போய்விட்டார்.

எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் அரியலூர் லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அன்றைக்கு சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் குதித்துக் குதித்துப் போனது. இறங்கிப் பெட்டியைத் திறந்தால், அக்காவின் குழாய் காலி. மூடியைச் சரியாக அழுத்தாதது நான்தான்.

முறைப்படி மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டு, திரும்ப எடுத்திருக்க வேண்டும். பாவம், அவருக்கு இன்னொரு அரை நாள் கூலி போகுமே என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். நல்ல நியாயம்தான், பொய் என்பதைத் தவிர. அந்த வாசலில் நின்று இன்னொரு தடவை டீயை மறுக்க வேண்டும், அதுதான் விஷயம். பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லால் கடித்து, என் கையிலேயே குத்தி எடுத்தேன். குழாயில் அவர் பெயரை ஒட்டினேன்.

சில வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் முடிவுச் சீட்டு வந்தது. அந்தத் தெருவில் 'இல்லை' என்று வந்த சீட்டுகள் கொஞ்சம்தான். இடுப்பளவு சாக்கடையில் இறங்குகிறவர்கள், வேறு எப்படி வரும்? அக்காவின் சீட்டில் 'இல்லை' என்று இருந்தது. இருக்காதா பின்னே, செருப்பில்லாமல் வாசல் தாண்டாதவளின் ரத்தம் அது. அவருக்கு ஒரே பெருமை. "இத்தன வருசம் இதுல கெடக்குறேன், என் ஒடம்புல அது ஏறலியே சிஸ்டர்!" என்றார். அக்காவின் வீட்டுக்காரர் அதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் பண்ணி வைத்தார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஐப்பசி மழையில் சாக்கடைக்காரர்களுக்கு வாரம் ஒரு தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். பிறகு நாலைந்து நாளாக எங்கள் தெருவில் அக்காவைக் காணோம். கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் கேட்டேன். "காமாலைங்க. கீழாநெல்லி அரச்சுக் குடுக்குறாங்க. மாத்திரய அது வாங்கவே இல்ல. எனக்குத்தான் இல்லேன்னு சீட்டு இருக்கேன்னு சொல்லிருச்சு" என்றாள்.

அவர் வீட்டுக்கு ஓடினேன். அக்கா பாயில் கிடந்தார். கண்ணில் மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து கிடந்தன. கெண்டைக்காலைத் தொட்டதும் அலறினார். முந்தின நாளிலிருந்து சரியாக மூத்திரம் போகவில்லை. உப்பில்லாக் கஞ்சியும் பச்சிலையுமாக நாட்களைக் கடத்தியிருந்தார்கள். காமாலைக்கு எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அதுதான் வைத்தியம், எங்கள் வீடு உட்பட. ஆனால் இது எலிக்காய்ச்சல், சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது என்று எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

"ஒடனே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்குங்கண்ணே, எலிக்காய்ச்சல் மாதிரி இருக்கு" என்றேன்.

வீட்டுக்காரர் சீட்டை எடுத்து வந்து நீட்டினார். "அது இல்லேன்னு நீங்கதான குடுத்தீங்க?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். "அது அப்ப உள்ளதுண்ணே, இப்ப புதுசா வந்திருக்கும்" என்றேன். அது பொய்யும் இல்லை. பொய்யில்லாத ஒன்றைச் சொல்லித் தப்பிப்பது எனக்குக் கைவந்த கலை. ஆட்டோ வந்தது. டாக்டர் பார்த்ததும் திருச்சிக்கு அனுப்பினார். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் கதை முடிந்திருக்கும் என்றாராம். ரத்தத்தை மெஷினில் சுத்தம் பண்ணிப் பண்ணித்தான் பிழைக்க வைத்தார்கள்.

மாசி வாக்கில் அக்கா திரும்ப வேலைக்கு வந்தார், பாதி உடம்பாக. பார்க்கிறவர்களிடமெல்லாம், "இந்த சிஸ்டர் மட்டும் வரலேன்னா நான் போய்ச் சேந்துருப்பேன்" என்று சொன்னார். எங்கள் தெருக்காரர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. ஒரு நாள் அவர் தனியாக இருந்தபோது கிட்டே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மூடி கழன்றது, கழிப்பறை, என் ரத்தம், அவர் பெயர். அந்தச் சீட்டை நம்பித்தானே மாத்திரை வாங்கவில்லை என்பதையும் சொன்னேன். அழுதேன்.

அக்கா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். கோபப்படவில்லை.

"இன்னொருக்கா வந்து கேட்டிருந்தா குடுத்திருப்பேனே சிஸ்டர்" என்றார். "ஏன் வரல?"

அவ்வளவையும் சொன்ன வாய், அந்த டீ டம்ளரை மட்டும் சொல்லவில்லை.

"நேரமில்லக்கா" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். "சரி சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.