தோட்டாவுக்கு ஒரு அறை

கடல் கடந்து வந்து குடியேறிய பேர்லேண்டில் எங்கள் வீட்டில் ஈரம் ஏறாத இடம் துணி அலமாரி அறை ஒன்றுதான். அங்கே என் கணவர் தோட்டா வைத்திருந்தார். துப்பாக்கி கிடையாது, வெறும் தோட்டா. உலகப்போர் காலத்து ரைஃபிள் தோட்டாக்கள், துப்பாக்கிச் சந்தை போடும் கன் ஷோ கன் ஷோவாகப் போய்ப் பொறுக்கியவை. கராஜில் இருந்தால் தோட்டாவின் பித்தளை உறை பச்சை பூத்துவிடுமாம். உள்ளே கொண்டுவந்து, காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தொட்டியில் தண்ணீராகச் சேர்க்கும் டீஹியூமிடிஃபையர் வேறு வாங்கி வைத்தார். குழந்தை படுக்கும் அறையில் பூஞ்சை வாடை அடித்தது. அதற்கு ஒன்றும் வாங்கவில்லை.

பிரசவத்துக்காக அம்மா கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். டயப்பர் அவளுக்கு ஆகாது. பழைய வேட்டிகளைக் கிழித்து மூட்டையாகக் கொண்டுவந்திருந்தாள். பிள்ளை நனைத்த துணிகளை வாளியில் போட்டு, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த அதே அலமாரி அறைக்குள் தள்ளி வைப்பாள். துவைப்பது மறுநாள்தான்.

குழந்தைக்கு நாலாம் மாதம் அவர் தோட்டாப் பெட்டியைத் திறந்தபோது, தோட்டாக்களின் கழுத்தில் மயிரிழை விரிசல்கள். பதறிப்போய் கன் ஷோ நண்பருக்குப் போன் போட்டார். மூத்திர ஆவி பட்டால் பித்தளை பிளந்துவிடுமாம். குதிரை லாயத்தை ஒட்டி வைத்த தோட்டாக்கள் அந்தக் காலத்தில் இப்படித்தான் வீணாயினவாம். போனை வைத்துவிட்டு நேராக வாளியிடம் போனார்.

"உங்க அம்மாவுக்கு இத வைக்க வேற இடமே கெடைக்கலையா? மொத்த கலெக்‌ஷனையும் ஸ்பாயில் பண்ணிட்டாங்க!"

அம்மா கையைப் புடவையில் துடைத்தபடி ஓடி வந்தாள். "தெரியாம வெச்சுப்போட்டனுங்க மாப்ள."

அவர் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தோட்டாவைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"ரெண்டு வாரமா பிள்ளை இருமுறான். ஒரு நாளாவது அவன இப்படித் தடவிப் பாத்தீங்களா?"

"அதுக்குத்தான் டாக்டர் இருக்காரே."

நான் டீஹியூமிடிஃபையரின் வயரைப் பிடுங்கினேன்.

"ஏய், அத எடுத்தா எல்லாம் பச்சையாயிடும்!"

"ஆகட்டும்."

அதைத் தொட்டில் பக்கத்தில் ஓடவிட்டேன். அம்மாவின் வாளியைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தேன். காலையில் பார்த்தால் டீஹியூமிடிஃபையரின் தொட்டியில் விளிம்புவரை தண்ணீர். இவ்வளவு ஈரத்தையும்தான் என் பிள்ளை இத்தனை நாள் மூச்சாக இழுத்திருக்கிறான். வெளியே ஊற்றாமல் தொட்டியோடு தூக்கிப் போய், அவருடைய காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.