என் கல் பட்டறையில் நடந்த எம்.ஏ. வகுப்பு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சிம்மக்கல்லில் மூட்டை தூக்கிய தோளை மட்டும் நம்பி, சமயநல்லூரில் ஹாலோபிளாக் கல் பட்டறை போட்டேன். மேலூரில் கடைகள் கட்டினேன். தண்ணீரே கிடையாது என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். இந்த வரிசையில் என் மருமகளின் எம்.ஏ. படிப்பையும் சேர்க்க வேண்டும்.

அவளுக்குப் புவியியல். வாரத்தில் மூன்று நாள் பல்கலைக்கழகத்தில் வகுப்பு, இரண்டு நாள் லேப்டாப்பில். வீட்டில் சிக்னல் கிடையாது, பட்டறை ஆபீசில்தான் உண்டு. அந்த இரண்டு நாளும் வகுப்பு முடியும்வரை கல் அச்சடிக்கும் மிஷினை நிறுத்திவிடுவேன்.

“அண்ணே, அது பாஸாகுறதுக்குள்ள நம்ம பட்டறை பெயிலாயிரும் போல,” என்பார் மேஸ்திரி.

“போய்யா, போயி கல்லுக்குத் தண்ணி ஊத்து,” என்பேன்.

மிஷின் நின்றதும் சிமெண்டுத் தூசி வெயிலில் மிதந்து மெல்ல இறங்கும். ஆசிரியையின் குரல் ஆறுகளைப் பற்றிப் பேசும். ஆறு ஒரே இடத்தில் படுத்திருக்காதாம், புரண்டு புரண்டு படுக்குமாம். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்பேன். வைகை பட்டறைக்குள் வந்து, அடுக்கிய கற்களுக்கு நடுவே சத்தமில்லாமல் போகும். பாதித் தூக்கத்தில் நான் அதில் காலை நனைத்துக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு நாள், வருகைப் பதிவு எடுக்கிற நேரம் பார்த்துப் பக்கத்து அறைத் தொட்டிலில் பேரன் அழுதான். பிரசவத்துக்கு எடுத்த லீவில் அவளுக்கு ஏற்கெனவே நாட்கள் குறைந்திருந்தன. இன்னும் ஒரு ஆப்சென்ட் விழுந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். மைக்கைத் திறந்து வைத்துவிட்டுப் பால் கொடுக்கப் போனவள் திரும்புவதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் ஆற்றிலிருந்து எழுந்து, லேப்டாப் முன்னால் விறைப்பாக நின்று, “உள்ளேன் டீச்சர்,” என்றேன்.

கட்டம் கட்டமாக அத்தனை முகங்களும் சிரித்தன.

“யாருங்க நீங்க?”

“மாமனாருங்க. பிள்ளைக்குப் பால் குடுக்கப் போயிருக்கு. இம்புட்டு நேரம் நானும்தான் பாடம் கேட்டேன். ஆறு ஏன் புரளுதுன்னு சொல்லவா?”

சொன்னேன். ஒரு கரையை அரிக்கும், எதிர்க்கரையில் மணலைப் போடும் என்று. அதற்குள் மருமகள் ஓடிவந்து முகத்தைக் காட்டினாள். ஆசிரியை சிரித்துக்கொண்டே வருகையைப் பதிந்தார். அவள் தேர்வு எழுதினாள்.

போன வாரம் அவளுடைய ஆய்வேட்டின் முதல் பிரதி வீட்டுக்கு வந்தது. நன்றிப் பக்கத்தை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். கடவுள், ஆசிரியை, கணவர், டைப் அடித்துக் கொடுத்தவர். நான் இல்லை.

“குடும்பத்தார்னு போட்டிருக்கேன்ல மாமா, அதுல நீங்களும் வாரீங்க.”

“அதுல உங்க அத்தையும் வாரா. அவ என்னைக்கு மிஷின நிறுத்துனா?”

பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகும் பிரதி இன்னும் பைண்டிங்குக்குப் போகவில்லை. அதில் என் பெயர் தனி வரியில் வர வேண்டும். ஆசிரியைக்குக் கீழே, என் மகனுக்கு மேலே.