பேட்ஜில் பதியாத நாட்கள்

கதிரியக்க மருந்து தயாரிக்கப் பயிற்சி எடுக்கும் பெண்கள் எல்லோரிடமும், மாதம் பிறந்ததும் எங்கள் புனே ஆஸ்பத்திரியின் பாதுகாப்பு அதிகாரி ஒரு கேள்வி கேட்பார். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "குச் பதானா ஹை?" என்பார். சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா என்று அர்த்தம். கர்ப்பமா என்று நேராகக் கேட்க அந்த மராத்திக்கார அம்மாளுக்குக் கூச்சம். "நஹீ மேடம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவோம்.

இரண்டு மாதம் அந்தப் பதிலை நான் பொய்யாகச் சொன்னேன்.

இந்த வேலைக்கு பார்மசி பட்டம் மட்டும் போதாது. அதற்கு மேல் ஒரு படிப்பு, அதற்கும் மேல் ஆய்வகத்தில் கைப்பழக்கம். காலையில் ஜெனரேட்டர் என்னும் ஈயக் கவசப் பெட்டியிலிருந்து கதிரியக்கத் திரவத்தை இறக்க வேண்டும். 'கறப்பது' என்போம். பிறகு அதன் சுத்தத்தைச் சோதித்து, ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் கையை நீட்டி, ஒவ்வொரு நோயாளிக்கும் அளந்து ஊசியில் ஏற்ற வேண்டும். அத்தனையையும் நோட்டில் எழுதி மேடத்திடம் கையெழுத்து வாங்க வேண்டும். நோட்டு நிறைந்தால்தான் பரீட்சை. கர்ப்பம் என்று எழுதிக் கொடுத்தால், எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த அறைக்குள் விடமாட்டார்கள், மேஜை வேலைதான். நோட்டு அப்படியே நின்றுவிடும். எனக்கு நான்கே பக்கம் பாக்கி.

நான்கு பக்கம்தானே என்று நினைத்தேன். இவ்வளவு படித்த முட்டாளை என்னவென்று சொல்வது?

வயிற்றுக்குத் தடித்த ஈய ஏப்ரன் கட்டிக்கொண்டேன். கணக்கும் போட்டுப் பார்த்தேன். பயப்படும்படி எதுவும் வரவில்லை. அத்தோடு நின்றிருக்கலாம். சீக்கிரம் முடிக்கும் அவசரத்தில் மற்றவர்கள் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் பேட்ஜை நினைத்துப் பயம் வந்தது. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று பதிந்துகொள்ளும் சின்ன அட்டை அது. நெஞ்சில் குத்தியிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அளவு வழக்கத்தைவிடக் கூடினால் விசாரணை. விசாரணை வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் வேலை அதிகமான நாட்களில் பேட்ஜைக் கழற்றி என் அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம், கேம்ப் கடைத்தெருவில் ஆட்டோவுக்கு நின்றபோது அடிவயிற்றைப் பிடித்து இழுத்தது. டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யாருடைய தப்பும் இல்லை, ஆரம்பத்தில் பலருக்கு நடப்பதுதான் என்றார் டாக்டர்.

ஆபீஸ் இருக்கும் ஹிஞ்சேவாடியின் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே உட்கார்ந்து அழுதார். பெயர்கூட யோசித்து வைத்திருந்தாராம்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள், மேடத்திடம் மறைத்ததை என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். பேட்ஜைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பேச்சையே நிறுத்திவிட்டார். காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

சில வாரம் கழித்து பேட்ஜ் ரிப்போர்ட் வந்தது. அவரே கேட்டு வாங்கிப் பார்த்தார். என் பெயருக்கு நேரே பூஜ்யம். பேட்ஜ் குத்தியிருந்த நாட்களில் பட்டது பதியும் அளவுக்குக்கூட இல்லை.

"அரே, ஜீரோ இருக்கு பாரு! உன் மேல கல்தியே இல்ல. நான்தான் பாகல் மாதிரி இத்தனை நாள் உன்கூட பேசல. மாஃப் பண்ணு," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர். தப்புக்கு கல்தி, பைத்தியத்துக்கு பாகல், மன்னிப்புக்கு மாஃப், அவர் தமிழ் அப்படித்தான்.

"சரிங்க," என்றேன்.

கதிருக்கும் நடந்ததற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று என் படிப்பும் சொல்கிறது. ஆனால் அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியை அலமாரியில் வைத்துப் பூட்டியவள் நான். இனி யாராலும் அளந்து சொல்ல முடியாது. அதுதான் என்னை அரிக்கிறது.

பரீட்சையில் தேறினேன். இப்போது அதே அறையில் வேலை. அவர் அந்த ரிப்போர்ட்டின் நகலை பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார். நான் முகம் வாடி உட்கார்ந்திருக்கும் நாட்களில் எடுத்து வந்து காட்டுகிறார். உண்மையை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.