கால்வாய் அடைபட்ட வருஷத்து மண்ணெண்ணெய்

அன்றைக்குத் தர்மபுரத்துக் கடை வாசலில் நின்றவர்கள் ஐந்து பேர்: கடைக்காரர், மாட்டுத் தரகர், முல்லைத்தீவுக் கரையிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவருகிற, கழுத்தில் சிலுவை போட்ட வேதக்கார அண்ணை, நான், என்ர மனைவி. அவள் கூட வராவிட்டால் எங்கட பசு ஓரடியும் எடுத்து வைக்காது. அதனால், விற்க மனமில்லாதவளே அதைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியதாய்ப் போச்சு.

விற்கச் சொன்னது என்ர பயம்தான். ஒன்றரை ஏக்கர் மிளகாய் பூத்து நின்றது. கிணற்றில் தண்ணீர் இருந்தது. இறைக்கிற மிசினுக்கு மண்ணெண்ணெய் வேணும். சூயஸ் கால்வாய் இன்னும் திறக்கவில்லை, கப்பல் போக வழியில்லை என்று கடையில் கிடந்த பேப்பரை எழுத்துக்கூட்டி வாசித்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எண்ணெய் கப்பலில் வருகுது, கப்பலுக்கு வழியில்லை. என்ர புத்தி அதற்கு மேல் போகவில்லை. பசுவை விற்று இரண்டு பீப்பா எண்ணெய் வாங்கி வைப்போம் என்று, தரகரிடம் இருபது ரூபா அச்சாரம் வாங்கி, அந்தக் காசுக்கு வெறும் பீப்பா இரண்டும் வாங்கிப்போட்டேன்.

மாட்டை விற்றாலும் கயிற்றை நாங்கள் கொடுப்பதில்லை. மனைவி கயிற்றைக் கழற்றிக் கையில் சுருட்டினாள். தரகர் தன்ர கயிற்றை எடுத்தார்.

"நல்ல பால்மாடெல்லே. ஏன் தம்பி விக்கிறாய்?" என்றார் கருவாட்டு அண்ணை.

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பல்களில் மூன்று வருஷம் கூலிவேலை செய்தவர். சாக்கை விரித்து ஒரு கட்டாக் கருவாட்டை நடுவில் வைத்தார்.

"இந்தக் கட்டாதான் அரேபியா. இதுக்கு இஞ்சாலைப் பக்கம் பாரசீகக் குடா. எங்கட எண்ணெய் அதுக்குள்ளையிருந்து வெளிக்கிட்டு நேர இஞ்ச வருது. கால்வாய் அங்காலைப் பக்கம். அது சீமைக்குப் போற வழி. அடைபட்டா அழவேண்டியது வெள்ளைக்காரன், நீயில்லை."

"அரேபியா றாத்தல் என்ன விலை?" என்றார் கடைக்காரர்.

"அப்ப எண்ணெய் விலை கூடாதோ அண்ணை?" என்றேன். பயம் விட்டால்தானே.

"போத்தலுக்கு ஒண்டு ரெண்டு சதம் கூடும். அதுக்கு மாட்டை விப்பியே?"

மனைவி ஒருவரையும் கேட்கவில்லை. கயிற்றைத் திரும்பப் பசுவின் கழுத்தில் போட்டாள். "இஞ்சருங்கோ, இனிமேல் பேப்பரை நான் வாசிக்கிறன்," என்றாள்.

"என்ர அச்சாரம்?" என்று தரகர் கத்தினார். என்னிடம் ஒரு சதமும் இல்லை. கருவாட்டு அண்ணை மடியை அவிழ்த்து, காலையிலிருந்து விற்ற காசில் இருபது ரூபாயை எண்ணி அவர் கையில் வைத்தார். என்னிடம், "மிளகாய் வித்துத் தா," என்றார். அவ்வளவுதான்.

எண்ணெய் ஒரு நாளும் நிற்கவில்லை. மிளகாயும் காய்த்தது, பிள்ளைகளுக்குப் பாலும் இருந்தது. அந்த மனிசனை நினைக்காமல் நான் மிசினை முடுக்கியதில்லை. இரண்டு தரமாகப் பதினைந்து ரூபா கொடுத்தேன். பிறகு அவர் வரவில்லை. முல்லைத்தீவுக் கரைக்கு இரண்டு முறை போய் விசாரித்தேன். வேறு கரைக்குத் தொழிலுக்குப் போய்விட்டார் என்றார்கள். என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ என்று இப்பவும் மனம் அடிச்சுக்கொள்ளுது. அவருக்கு நான் கொடுக்க வேண்டியது இன்னும் ஐந்து ரூபா.