சட்டம் போட்டு மாட்டிய கப்பல் சரித்திரம்

அந்தக் கப்பலை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அது எந்த மாதம் எங்கே நின்றது, எதையெல்லாம் ரிப்பேர் செய்தது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் தட்டுத்தடங்கல் இல்லாமல் சொல்வேன். நாலைந்து வருஷம் என் வீட்டுக்காரர் சோற்றுக்கு முன்னாலும் பின்னாலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெர்மன் சண்டை தொடங்கின மறு வருஷம் அவர் போனார். ஆம்பூரில் ஒரு டேனரியில் தோல் வெட்டுகிற வேலை அவருக்கு. கை நேர்த்தியான ஆள். பட்டாளத்துக்கு ஆள் சேர்க்க வந்த ஒருவன் டேனரி டேனரியாகப் போய், பம்புக்குள் போடுகிற தோல் வாஷர் வெட்டவும், மெஷின் ஓட்டுகிற தோல் பெல்ட் தைக்கவும் தெரிந்தவன் யார் என்று கேட்டிருக்கிறான். இவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பேர் கொடுத்துவிட்டு வந்தார். எங்கள் பெண் குழந்தைக்கு அப்போது ஏழு மாதம்.

"ஒரே வருஷம்தான். வந்துடுவேன்" என்றார்.

ஐந்து வருஷம் ஆயிற்று.

திரும்பி வந்தபோது தகரப் பெட்டியில் இரண்டு கம்பளியும், சுருட்டிய அச்சுத்தாள் ஒன்றும் கொண்டுவந்தார். ஆட்களை வீட்டுக்கு அனுப்பும்போது கப்பல்காரர்கள் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்களாம். கப்பல் எப்போது எங்கே இருந்தது, என்ன வேலை செய்தது என்று மாதவாரியாக இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. வந்த வாரமே வேலூருக்குப் போய் லாங் பஜாரில் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கிவந்து, வாசலுக்கு நேரே சுவரில் மாட்டினார். குழந்தையின் தொட்டிலை ஆட்டுகிற கயிறு கட்டியிருந்த ஆணி அது. குழந்தை செத்து அப்போது மூன்று வருஷம்.

கப்பலின் கதை இதுதான். முதலில் சீமையில் ஜனங்களை ஏற்றிப்போகிற கப்பலாக இருந்தது. சண்டை வந்ததும் கடற்படை வாங்கி, உள்ளே இருந்த அறைகளைப் பிடுங்கிப்போட்டு, லேத்து, உலை, சின்னதாக ஒரு வார்ப்படச் சாலை எல்லாம் வைத்து மராமத்துக் கப்பலாக்கியது. பம்பாயிலிருந்து ஏடன், அங்கிருந்து பஸ்ரா. அங்கே ஆற்றில் நங்கூரம் போட்டு நின்றால், ஓட்டை விழுந்த பீரங்கிப் படகுகள் வரிசையாகப் பக்கத்தில் வந்து நிற்கும். அது ஒரு குண்டும் சுட்டதில்லை. மற்றதைச் சரிசெய்து அனுப்பிக்கொண்டே இருக்கும். இவர் அடித்தளத்தில், பாய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோல் வெட்டுவார். "என் வாஷர் இல்லாட்டி பம்பு இல்ல, பம்பு இல்லாட்டி படகு இல்ல" என்பார்.

டேனரியில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். மேஸ்திரி இவருக்குக் "கப்பலு" என்று பேர் வைத்தான். சுண்ணாம்புக் குழியில் இறைக்கிற பம்பு ஒருநாள் நின்றுபோனபோது, "கப்பல்ல இந்த மாதிரி பம்பை நாங்க கடல்ல தூக்கிப் போடுவோம்" என்று இவர் சொல்ல, மேஸ்திரி, "அப்ப நீயும் கூடவே குதிச்சிருக்கலாமே" என்று சொல்ல, கைகலப்பு. அந்தக் கோபமெல்லாம் சாயங்காலம் வீட்டுக்கு வரும். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று சட்டியைத் தட்டிவிடுவார். "கப்பல்ல சமையக்காரன் இப்படிப் போட்டா கரையில இறக்கிவிட்டுடுவாங்க" என்பார். நான் கீழே கொட்டினதைக் கூட்டி அள்ளுவேன்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு கடுதாசி.

குழந்தை ஆடி மாதத்தில் வாந்திபேதியில் போனது. ஒரு பகல், ஒரு ராத்திரி, அவ்வளவுதான். அடக்கம் முடிந்த மறுநாள் நானே கார்டு எழுதிப் போட்டேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது, வேறு யாரோ எழுதின கையெழுத்தில். கப்பல் சண்டை நடக்கிற ஆற்றில் நிற்கிறது, ஒருத்தரையும் வெளியே விடவில்லை, கர்த்தருடைய சித்தம், மனதைத் தேற்றிக்கொள் என்று. நான் நம்பினேன். பாவம், அந்த வெயிலில் யாரிடம் சொல்லி அழுதாரோ என்று அவருக்காகவும் சேர்த்து அழுதேன்.

அவர் வந்து ஐந்தாவது கிறிஸ்துமஸுக்கு வீடு வெள்ளையடித்தேன். சட்டத்தைக் கழற்றி மடியில் வைத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் நாலாவது வரை படித்தவள். மாதங்களின் பேர், ஊர்ப் பேர் எழுத்துக்கூட்டத் தெரியும். அதுவரை அந்தத் தாளைப் படிக்க எனக்குத் தோன்றியதே இல்லை. பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு விரல் தானாகக் குழந்தை போன மாதத்துக்குப் போயிற்று.

அந்த மாதத்துக்கு எதிரே பம்பாய் என்று இருந்தது. அடுத்த மாதமும் பம்பாய். அதற்கடுத்ததும். பக்கத்தில் இருந்த பெரிய வார்த்தை எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த வரியின் கடைசியில் இருந்த "லீவ்" புரிந்தது. பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதப் படித்திருக்கிறேன்.

சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நேரே மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரம்மா வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "கப்பலையே ரிப்பேருக்குப் பம்பாய்ல நிறுத்தியிருக்காங்க, மூணு மாசம். வேலைக்காரங்களுக்கெல்லாம் ஒரு மாசம் ஊருக்குப் போக லீவு குடுத்திருக்காங்க" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "இன்னாம்மா?" என்றார்.

நான் சட்டத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து கால் கழுவும்வரை பொறுத்திருந்தேன். சட்டத்தை அவர் முன்னால் வைத்து, "இந்த மூணு மாசம் கப்பல் எங்க இருந்தது?" என்று கேட்டேன்.

"பஸ்ராவுல."

"இதுல பம்பாய்னு போட்டிருக்கு."

அவர் தாளைப் பார்த்தார். அவருக்கு அது வெறும் கறுப்புக் கோடுதான்.

"லீவும் குடுத்தாங்களாம். நீ எங்க போன?"

அன்றைக்குத்தான் அவரை முதன்முதலாக நீ என்றேன். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

"காட்பாடி வரைக்கும் வந்தேன்" என்றார்.

"வந்து?"

"இறங்கிட்டேன். பிளாட்பாரத்துல உக்காந்தேன். இன்னும் கொஞ்ச தூரம்தான், தெரியும். உன் மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னு இருந்தது. எதிர்வண்டி வந்தது. ஏறிட்டேன்."

"ஏறி?"

"கப்பலுக்குப் போய்ட்டேன். அங்க வேலை இருந்துச்சு. தோலக் கையில எடுத்தா ஒண்ணும் ஞாபகம் வராது."

"எனக்கு எதைக் கையில எடுத்தா ஞாபகம் வராது? சொல்லு."

அவர் எழுந்து வெளியே போனார். என்னை அடித்திருந்தால்கூட ஒரு வழியாகத் தீர்ந்திருக்கும்.

அதற்குப்பிறகு இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். சோறு போட்டு வைப்பேன், தின்றுவிட்டுப் போவார். சட்டத்தை அவரே திரும்ப மாட்டினார். கப்பல் கதை சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார்.

ஒருநாள் வாலாஜாபேட்டைக்காரர் ஒருவர் வந்தார், கப்பலில் இவருடன் தச்சு வேலை பார்த்தவர். கப்பல் பழசாகிப்போய்ப் பம்பாயில் சும்மா நிற்கிறது, உடைக்கிறதற்கு விற்றுவிட்டார்கள் என்று சொன்னார். என் வீட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். கண்ணீர் வழிந்தது. வந்த மனுஷர் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். என் மனதில் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் டேனரிக்கு லீவு சொல்லிவிட்டு அவர் பம்பாய்க்கு ரயில் ஏறினார். காட்பாடி வழியாகத்தான் போயிருப்பார். அங்கே இறங்கவில்லை.

அவர் போன மூன்றாம் நாள் நான் சட்டத்தைக் கழற்றினேன். தாளை உருவி அடுப்பில் வைத்தேன். கெட்டியான காகிதம், பிடிக்க நேரமாயிற்று. துணிகளை மூட்டை கட்டி, சாவியை வாத்தியாரம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவர் எழுதிக்கொடுத்த சீட்டோடு வேலூரில் பெண்களுக்கான ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்து வேலைக்குச் சேர்ந்தேன். பிரசவ வார்டில் துணி அலசுகிற வேலை. அப்புறம் குழந்தைகளைக் குளிப்பாட்டுகிற வேலை கொடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து அவர் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்து நின்றார். மெலிந்திருந்தார்.

"ஒடைச்சுட்டாங்க. பாதி ஒடைக்கறப்பத்தான் போனேன்" என்றார்.

"சரி."

நான் திரும்பி வருவேனா என்று கேட்பார் என நினைத்தேன். மாட்டேன் என்று சொல்ல வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

"அந்தத் தாள் எங்க?" என்றார்.

"அடுப்புல."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பல்லைக் கடிப்பது தெரிந்தது. திரும்பி நடந்தார். வார்டில் குழந்தை ஒன்று கத்திக்கொண்டிருந்தது. நான் உள்ளே போய்விட்டேன்.

இன்னும் ஆம்பூரில்தான் இருக்கிறார், அதே டேனரியில். அவ்வப்போது யாராவது வந்து சேதி சொல்வார்கள். கோயிலில் சகோதரிகள் மன்னிக்கச் சொல்கிறார்கள். தலையாட்டுகிறேன். சட்டி தட்டிவிட்டதை மன்னித்துவிட்டேன், பொய்க் கடுதாசியைக்கூட மன்னித்திருப்பேன். அந்த பிளாட்பாரத்தில் உட்கார்ந்து எழுந்ததை மட்டும் என்னால் முடியவில்லை.