வேலிக்கு அப்பால் போன கற்கள்

மலையிலிருந்து இறங்கும் ஆறு, சமவெளியைக் கண்டதும் 'அப்பாடா' என்று சுமையை இறக்கி வைக்கும். இறக்குகிற இடம் அண்ணியின் வயல். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆற்றை வாய் ஓயாமல் திட்டியபடி, கற்களைப் பொறுக்கி ஆளுயர வேலிக்கு அப்பால் எறிவாள். அந்தப் பக்கம் நாத்தனாரின் நிலம். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். அதனால் கை வலித்தாலும் மனசு குளிரும். நாத்தனார் ஏன் சண்டைக்கு வரவில்லை என்பதுதான் புரியவில்லை.

இந்த வருஷ வெள்ளம் வேலியையும் அடித்துக்கொண்டு போனது. கல்லும் கையுமாக வந்த அண்ணி அப்படியே நின்றாள். எதிரே, அவள் எறிந்த கற்களெல்லாம் கழுத்தளவு சுவராகி, ஒரு வீடே எழும்பியிருந்தது.

உள்ளேயிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "ஏன் அண்ணி நின்னுட்டீங்க? கூரை வரைக்கும் இன்னும் நாலு வரிசை பாக்கி இருக்கு. எறிங்க!"