சிவப்புக் குமிழைத் தொடப் பயந்த நான், திருவண்ணாமலை வரை பறந்து வந்த கதை

சொந்த ஊருக்குப் பஸ்ஸில் போனால் எனக்கு இரண்டரை மணி நேரம். போன மாதம் ஒரு சனிக்கிழமை அரை மணியில் போனேன். விமானிப் பயிற்சியில் துணையில்லாமல் போகும் முதல் நீண்ட பயணம் அது. கடலோரத்துப் பயிற்சித் திடலிலிருந்து 86 கிலோமீட்டர். மலையைப் பார்த்துவிட்டு, இறங்காமல் திரும்ப வேண்டும். எட்டு மணிக்கு வருவேன் என்று வாயை விட்டிருந்தேன். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அம்மா தெரு ஜனத்தையே கூட்டி வைத்திருந்தார்.

7.05க்கு இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். மற்ற விமானங்கள் இறங்குவதற்காக ஓடுபாதை ஓரத்தில் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. பிறகு சோதனை. இந்த இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். இடது, வலது என்று இரண்டு தொகுதிகளையும் தனித்தனியாக ஓட்டிப் பார்ப்போம். வலது தொகுதிக்கு மாற்றியதும் நிமிடத்துக்கு இத்தனை என்று காட்டும் சுற்று 250 குறைந்து, இன்ஜின் உதறியது. 150க்கு மேல் குறைந்தால் பறக்கக் கூடாது. போச்சுடா! அழுகையே வந்தது, பொய் சொல்வானேன்.

திரும்பி வந்து நிறுத்தினேன். மெக்கானிக் சேகர் அண்ணன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

“நின்னுக்கினு இருந்தப்ப செவப்புக் குமிழைத் தொட்டியா?”

“இல்லண்ணா. இன்ஜின் நின்னுடும்னு பயம்.”

“தரையில நின்னா என்னம்மா ஆவும்? திரும்ப ஸ்டார்ட் பண்ணிக்கலாம். பெட்ரோல் ஜாஸ்தியாப் போயி பிளக்குல கசடு புடிச்சிருக்கு. எரிச்சிப் பாப்போம். போவலன்னா கழட்டணும், இன்னிக்கு உனக்கு லீவுதான்.”

இன்ஜினை 2000 சுற்றுக்கு ஏற்றி, பெட்ரோலைக் குறைக்கும் அந்தக் குமிழை மெல்ல மெல்ல வெளியே இழுக்கச் சொன்னார். ஒரு நிமிடம் அப்படியே ஓடவிட்டோம். குமிழை உள்ளே தள்ளி மறுபடி சோதித்தால், குறைந்தது வெறும் 80. அப்பாடா!

அண்ணனை இறக்கிவிட்டு 8.10க்குக் கிளம்பினேன். 4500 அடியில், 8.42க்கு மலை. கோபுரங்கள் பளிச்சென்று தெரிந்தன. கலெக்டர் ஆபீசைக்கூடக் கண்டுபிடித்தேன், எங்கள் வீடுதான் சிக்கவில்லை. 9.20க்குத் தரையிறங்கினேன்.

போகப்போகிறவர்களுக்கு: தரையில் ஓடும்போது குமிழைக் கொஞ்சம் இழுத்தே வையுங்கள், பயப்படாதீர்கள். ஆனால் கிளம்பும் முன் முழுக்க உள்ளே தள்ள மறந்தால் ஆபத்து. காத்திருக்கையில் சுற்று 1000க்குக் கீழே போகவேண்டாம். வெயில் ஏறினால் மலைப்பக்கம் தூக்கிப் போடும், காலையிலேயே போய்விடுங்கள். எனக்கு ஆன செலவு 16,000 ரூபாய்.

இறங்கியதும் அம்மாவுக்குப் போன் போட்டேன். பிளக் விஷயத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

“எட்டரை ஆனதும் எல்லாம் கெளம்பிப் போயிட்டாங்க. நான் மட்டும் நின்னுக்கினு இருந்தேன்” என்றார்.

“என்னைப் பாத்தியாம்மா?”

“எங்க பாக்கறது, கண்ணு கூசிச்சி. சத்தந்தான் கேட்டேன். நம்ம நெலத்து ஆயில் இன்ஜின் மாதிரி எங்கயும் திக்கல, ஒரே சீராப் போச்சி. அது மலைக்கு அந்தாண்ட போயி, திரும்பி வந்து, தேயற வரைக்கும் கேட்டுட்டுத்தான் கீழ எறங்கனேன்.”